ஊரார் பொதியும் என் பயமும்

விமானத்துக்குப் பயந்தவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இரண்டு தடவை திருவனந்தபுரம் வரை போய், ஏறாமல் திரும்பி வந்தவளை வேறு எப்படிச் சொல்வார்கள்? குலசேகரம் சந்தையில் மீன்காரி முதல் மருந்துக்கடைக்காரர் வரை, "பிளேனு ஆகாசத்துலயேவா நிக்கப் போவுது? எறங்கிரும்லா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. பயப்படுவதற்கு எல்லோருக்கும் புரிகிற ஒரு காரணம் இருந்தால் நல்லதுதானே. மற்றவர்கள் தோண்டிக் கேட்கமாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அவர் லீவில் வந்து இருந்த நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷம் தேறினால் பெரிது. ஒவ்வொரு லீவும் ஒரே மாதிரி நடக்கும். முதல் வாரம் அவர் விருந்தாளி. நல்ல தட்டில்தான் சோறு போடுவேன். அவரும் "போதும், போதும்" என்று மரியாதையாகச் சாப்பிடுவார். இரண்டாவது வாரம் சண்டை வரும். மோட்டார் சுவிட்சை ஏன் அந்த இடத்தில் வைத்தாய், ரப்பர் ஷீட்டை ஏன் அந்தக் கடையில் விற்கப் போடுகிறாய் என்று ஆரம்பிப்பார். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் தனியாகப் பார்த்தவளுக்குக் கோபம் வராதா? சண்டை முடிந்து மூன்றாவது வாரம்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆவோம். அந்த ருசி பிடிபடும்போது அவர் பெட்டியைக் கட்டில் அடியிலிருந்து வெளியே இழுப்பார். அடுத்த லீவில் மறுபடியும் முதலில் இருந்து கல்யாணம் கட்டவேண்டும்.

பிறகு அவர் கம்பெனி மாறினார். புதிய இடத்தில் நீண்ட லீவு கேட்டால், போனால் போனதுதான், திரும்பி வரவேண்டாம் என்கிற நிலைமை. மகள் பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் அவர் வரவில்லை. ஒரு வருஷம் வரவில்லை, இரண்டு வருஷம் வரவில்லை, அப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது. வீடியோவில் தினமும் கூப்பிடுவார். சாப்பிட்டியா, மழை உண்டா, ரப்பர் பால் வெட்டு நடக்கா என்று கேட்பார். நான் பதில் சொல்வேன். அதற்குமேல் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒருநாள் கவனித்தேன், நான் அவரைப் பார்த்துப் பேசவே இல்லை. திரையின் மூலையில் சின்னதாக என் முகம் தெரியுமே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றிப்பக்கம் நரைத்திருந்தது. கன்னம் தொங்கியிருந்தது. போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

"நான் வரமுடியாதுன்னா நீ வா. விசிட் விசா எடுக்கேன்" என்று அவர்தான் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு புதுப் புடவை வாங்கினேன். ஆனால் விமான நிலையத்தில் கார் நின்றபோது எனக்குக் கால் இறங்கவில்லை. மகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கெஞ்சினாள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அவர் போனில் சிரித்தார். "செரி விடு, மொதத் தடவைலா" என்றார்.

இரண்டாவது தடவை உள்ளே போய்விட்டேன். பெட்டி போடுகிற வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பின்னால் நின்றவரிடம், "நீங்க போங்க" என்றேன். அடுத்தவர் வந்தார். அவரையும் போகச் சொன்னேன். கைக்குழந்தைக்காரிக்கு வழிவிட்டேன், வயதானவருக்கு வழிவிட்டேன், பிறகு தடிமாடு போல நின்ற பையன்களுக்கும் வழிவிட்டேன். என்னைப் போல ஒரு தங்கமான மனுஷியை அந்த வரிசை பார்த்திருக்காது. கடைசியில் கவுண்டரை மூடினார்கள். அன்று அவர் சிரிக்கவில்லை. "செரி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதன்பிறகு வீடியோவில் கூப்பிடுவது நின்றது. குரல் மட்டும் வந்தது. அதுவும் இரண்டு நாளுக்கு ஒருமுறை.

தெருவில் எனக்கு வைத்தியம் ஆரம்பமானது. ஒருத்தி மந்திரித்த கயிறு கொண்டுவந்தாள். ஒருத்தி ஜெபம் பண்ணிய எண்ணெய். எதிர்வீட்டு மைனி, எனக்கு அண்ணி முறை, அவள் கும்பிடுகிற பதிக் கோயிலில் இருந்து கொண்டுவந்த திருமண்ணை நெற்றியில் இழுத்துவிட்டு, "இனி ராக்கெட்டுலகூட ஏறலாம்" என்றாள். மைனியின் மகன் துபாயில் இருக்கிறான். அவள் குரல் எடுத்தால் இந்த மூலையில் பேசுவது அந்த மூலையில் கேட்கும். நல்ல மனசு.

அடுத்த வீட்டு அக்கா எதையும் கொண்டுவரவில்லை. அவர்களுடைய குருசடிச் சிலுவைக்கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மைதானத்தில் பெரிய ராட்டினம் வந்திருந்தது. "ஏறு, ஒனக்கு ஒயரம் பழகட்டு" என்று டிக்கெட் எடுத்துவிட்டார். இருவரும் ஏறினோம். உச்சியில் போய் நின்றபோது அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "யேசுவே, யேசுவே" என்று என் தொடையைப் பிடித்துப் பிறாண்டினார். நான் கையில் இருந்த அவித்த கடலையைத் தின்றுகொண்டே, அங்கிருந்து எங்கள் வீட்டு ஓடு எது என்று தேடிக்கொண்டிருந்தேன். இறங்கியதும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்கு ஒயரத்துல ஒரு எளவும் இல்லியே. பின்ன என்னத்துக்குத் திரும்பித் திரும்பி வந்த?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. இத்தனை நாளும் இருந்தது. வளையல் கடைப் பின்னால் ஒதுங்கி நின்று சொன்னேன்.

"அவரு என்னைப் பாத்த ஒடனே மொகம் வாடிச்சுன்னா என்ன செய்யக்கா? வாடல்லைன்னாலும் நான் தேடுவேன். வாடியிருக்கான்னு தேடிட்டே இருப்பேன். இங்க வந்தா அவரு விருந்தாளி, ஒரு மாசம் சமாளிச்சிரலாம். அங்க போனா நான்லா விருந்தாளி. எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு அங்க வச்சுத் தெரிஞ்சுச்சுன்னா நான் எங்க போவேன்? போவாம இருந்தா, இருக்குன்னு நெனச்சிட்டே இருந்திரலாம்லா."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. ஒரு பயத்தை இவ்வளவு காலம் சுமந்துவிட்டு, வளையல் கடைக்குப் பின்னால் கொட்டினேன்.

அக்கா என் கண்ணைத் துடைக்கவில்லை. அவருடைய வீட்டுக்காரர் சவூதியில் இருந்து ஊரோடு வந்து மூன்று வருஷம் ஆகிறது. "எனக்க கதையக் கேளு. இன்னும் காலையில எழும்பி அடுக்களைக்கு வந்தா, இந்த ஆளு யாரு எனக்க அடுக்களையில நிக்குன்னு ஒரு நிமிசம் திடுக்குன்னு இருக்கும். அவருக்கும் அப்படித்தான். சீனி டப்பா எங்க இருக்குன்னு இன்னும் கேக்காரு. பயம் போவும்னு நான் ஒனக்குச் சொல்லமாட்டேன், எனக்கே போவல்ல. ஆனா ஆளு கண்ணு முன்னால இருக்காருலா. அது ஒரு சொகம் மக்கா" என்றார். பிறகு எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார்.

அடுத்த வாரம் ஷார்ஜாவில் இருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். கூட்டாளியின் குடும்பம் பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்குப் போகிறது, அவர்கள் ரூம் ஒரு மாசம் காலியாக இருக்கும். "வாறதுன்னா இப்பம் வா. இல்லைன்னா விட்டிரு, இனி நான் கேக்கமாட்டேன்" என்றார். குரலில் வெறுப்பு இல்லை, அலுப்புதான் இருந்தது. இந்தத் தடவையும் நான் திரும்பினால், எங்களிடம் மிச்சம் இருப்பது மாசா மாசம் வருகிற பணமும் மகளும் மட்டும்தான் என்று எனக்குத் தெரிந்தது. "வாறேன்" என்றேன்.

வளையல் கடைக்குப் பின்னால் நான் சொன்னதை அக்கா மைனியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மைனியிடம் மட்டும் சொன்னால் போதும், பஞ்சாயத்துக்கே சொன்ன மாதிரி. ஆனால் இந்தத் தடவை யாரும் என்னிடம் விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் மைனி ஒரு பொதியோடு வந்தாள். பேப்பரில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, சணலால் கட்டி, மகன் பெயரைப் பெரிய மையில் எழுதியிருந்தாள்.

"இது முந்திரிக்கொத்து, நானே சுட்ட பலகாரம். பயலுக்கு உசிரு. நீ கொண்டு குடுத்திரு."

வளைகுடாவுக்குப் போகிற யாரும் எங்கள் ஊரில் தன் சாமானை மட்டும் கொண்டுபோனது கிடையாது. ஒருவர் போகிறார் என்றால் தெருவே பொதி கட்டும். வாங்கமாட்டேன் என்று சொல்லவும் கூடாது. என்னுடைய முதல் இரண்டு பயணத்திலும் யாரும் எதுவும் தரவில்லை. பாவம், பயந்தவள், அவளுக்கு எதற்குச் சுமை என்று விட்டுவிட்டார்கள். அப்போது அது கருணை என்று நினைத்தேன். உண்மையில் நான் போவேன் என்று யாரும் நம்பவில்லை.

இப்போது வந்துகொண்டே இருந்தது. ஒரு வீட்டில் இருந்து ஏத்தங்காய் சிப்ஸ், ஒரு வீட்டில் இருந்து அச்சப்பம், நல்லமிளகு, நார்த்தங்காய் ஊறுகாய், குழம்புக்குக் கொடம்புளி, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். தெருமுனை வீட்டுப் பெண், புதிதாகக் கல்யாணமானவள், வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு தலையணை உறை கொடுத்தாள். அதில் அவளே பூ தைத்திருந்தாள். "அவங்க கைல நீங்களே குடுக்கணும், சரியா அக்கா?" என்று நான் தலையாட்டும்வரை நகரவில்லை. ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோய்த் தராசில் தொங்கவிட்டோம். கடைக்காரர் எடையைப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் தரம் ஷீட்டுன்னாலும் நல்ல வெலை போவும்" என்று என்னைக் கேலி பண்ணினார்.

விமான நிலையத்துக்கு அக்காவும் மைனியும் வந்தார்கள். வாசலில் நான் மறுபடியும் நின்றுவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மைனி சொன்னாள், "இஞ்ச பாரு, திரும்பி வரணும்னு தோணுச்சுன்னா வா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா பயலுக்க முந்திரிக்கொத்தக் குடுத்துட்டு வா." அத்தனை படபடப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

கவுண்டரில் பெட்டி எடை கூடுதலாக இருந்தது. ரப்பர் கடைத் தராசை நம்பியது எங்கள் பிசகு. அதில் நாலைந்து கிலோ முன்னே பின்னே இருக்கும் என்று ஷீட் போடுகிற எல்லோருக்கும் தெரியும், எங்களுக்கு மட்டும் அன்று மறந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். எதை எடுப்பது? ஊராருடைய பொதியை எடுக்க முடியாது. அதெல்லாம் நம்பிக் கொடுத்தது. என்னுடைய பட்டுப் புடவைகளை எடுத்தேன். பற்றவில்லை. அவருக்காக நான் செய்து வைத்திருந்த பலகாரத்தையும் மீன் ஊறுகாயையும் எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடி, காவலுக்கு நின்ற போலீஸ்காரரைத் தாண்டிக் கையை நீட்டி அக்காவிடம் கொடுத்தேன்.

அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு அடி எடுத்துவைத்தால் வெளியே வந்துவிடலாம். அக்கா முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போலீஸ்காரர் மலையாளத்தில், "சேச்சி, அகத்தோ புறத்தோ?" என்றார். உள்ளேயா வெளியேயா என்று கேட்கிறார். மைனி வாயைத் திறந்தாள், அக்கா அவள் கையை அமுக்கினார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே என் பெட்டி திறந்து கிடந்தது. அதில் அந்தப் புதுப்பெண்ணின் தலையணை உறை மேலாகத் தெரியும்படி இருந்தது. "அகத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏறியது, இறங்கியது.

ஷார்ஜாவில் வெளியே வந்தால் எங்கள் தெரு நின்றுகொண்டிருந்தது. பொதி வாங்க வந்த பையன்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றாக வந்திருந்தார்கள். "அத்தை", "மாமி", "அக்கா" என்று சூழ்ந்துகொண்டார்கள். அந்த இடத்திலேயே பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். தலையணை உறையை வாங்கியவன் அதை மோந்து பார்த்துவிட்டு, நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் சட்டைக்குள் ஒளித்தான். கூட்டம் குறையக் குறைய, கடைசியில் ஒருவர் நின்றார். புதுச் சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை. தலை கருகருவென்று இருந்தது. நான் அவர் முகத்தில் வாட்டத்தைத் தேடினேன். அவரும் என் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் தேடியதையேதான் அவரும் தேடுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"காதுல டை ஒட்டியிருக்கு" என்றேன். நாலு வருஷம் கழித்து நேரில் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"எங்க?" என்று காதைத் தேய்த்தார். தேய்த்ததில் இன்னும் பரவியது. நானே முந்தானையால் துடைத்துவிட்டேன். பெட்டியை எட்டிப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் இல்லியா?" என்றார்.

"கெடையாது. எல்லாம் ஊராருக்க சாமான்."

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அந்த ரூமில் சுவர் முழுக்க வேறு யாருடைய பிள்ளைகளோ கிறுக்கிய படங்கள். எங்களுக்குச் சொந்தமாக ஒரு கரண்டிகூட அங்கே கிடையாது. அதனால் அவரும் விருந்தாளி, நானும் விருந்தாளி. உப்பு எங்கே என்று இருவரும் சேர்ந்து தேடினோம். முதல் வாரத்து மரியாதையும் இரண்டாவது வாரத்துச் சண்டையும் வரவே இல்லை, அல்லது எல்லாம் ஒரே நாளில் வந்து போய்விட்டது. அவர் படியில் உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் ஷூ மாட்டுகிறார் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. அகலமான கட்டிலிலும் ஓரமாக, கையைக் குறுக்கிக்கொண்டு, ஒரு பலகை அளவுக்குத்தான் படுப்பார். லேபர் கேம்பின் ஒடுங்கிய கட்டிலில் இத்தனை வருஷம் படுத்த பழக்கம். "நல்லா நீட்டிப் படுங்க, ஒங்களை யாரு தள்ளப் போறா" என்று தினமும் சொன்னேன். மாசம் முடியும்போது ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டிப் படுக்கப் பழகியிருந்தார். அதற்குள் விசா முடிந்தது.

திரும்புகிற அன்று அவர் கண்ணாடிக்கு வெளியே நின்றார், நான் உள்ளே நடந்தேன். எத்தனை தடவை அவரை வழியனுப்பத் திருவனந்தபுரத்தில் நான் அப்படி வெளியே நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று காரில் வரும் வழியெல்லாம் திட்டியிருக்கிறேன். இப்போது என் கையில் பாஸ்போர்ட், என் கையில் பை. முதுகில் அவர் பார்வை இருப்பது தெரிந்தது. கழுத்தை மட்டும் திருப்பினால் போதும். திருப்பினால் அதற்குமேல் என் கால் நடக்காது என்றும் தெரிந்தது. வரிசை முடியும்வரை முன்னால் நின்றவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீடு வந்து சேர்ந்ததும் போன் வந்தது.

"ஏட்டி, திரும்பியே பாக்கலியே" என்றார்.

"நீங்க என்னைக்காவது பாத்திருக்கியளா?"

"பாத்தா போவ முடியாதுட்டி" என்றார்.

எனக்கு இப்போது அவரிடம் எந்தப் பயமும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. காலையில் நான் முற்றம் பெருக்கும்போது அங்கே விடிந்தும் விடியாமல் இருக்கும், அவர் படியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு ஷூ மாட்டுவார். முன்பெல்லாம் இது எனக்குத் தெரியாது. தெரியாதவரை நான் பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பயம் இருந்தபோது, அதைக் காட்டி ஆசையைக் கொஞ்சம் அப்பால் நிறுத்திவைக்க முடிந்தது. இனி நிறுத்திவைக்க ஒன்றும் இல்லை. எனக்கு அவரைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.